பகல்ல எதுக்குங்க டெலஸ்கோப்பு?

இக்கட்ட வந்து உக்காருங்க தம்பி. அந்தப் பக்கம் உக்காந்தீங்கன்னா பஸ்ஸு திருப்பூர் போற வரைக்கும் பொழுது மூஞ்சிலயே அடிக்கும். வெளியூருங்களா? எங்க ஊருப் பக்கம் சூரியனைப் பொழுதுன்னுதான் சொல்லுவோம். பொழுது எந்திரிச்சிருச்சு, பொழுது உழுந்துருச்சு, இப்படி.

அதைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியுமுங்க. சிரிக்காதீங்க. இப்ப உங்க மூஞ்சியைப் பாக்கற மாதிரி நான் பொழுதைப் பாத்தவன். அதுல மச்சம் எங்கெங்க இருக்குதுன்னு கூடச் சொல்லுவேன். அந்த விசயத்துல எனக்கு ஒரு மனக்கொறை இருக்குதுங்க. எங்க ஊருல யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறாங்க. பாதி சொல்றதுக்குள்ள சிரிக்கறாங்க. நீங்க படிச்ச புள்ளையாத் தெரியறீங்க. முழுசாக் கேட்டுட்டு நாயத்தைச் சொல்லுங்க.

எம் பேரு சென்னியப்பனுங்க. உடுமலைப்பேட்டையில நாப்பது வருசமா பம்புசெட்டுக் கடை. இப்பக் கடையை மகன்கிட்ட உட்டுட்டு ஊட்டுல உக்காந்திருக்கேன். உக்காந்திருக்கேன்னா சும்மா இல்லீங்க. தெருவுல யாரு போறாங்க, யாரு ஊட்டுக்கு யாரு வர்றாங்க, குப்பையைக் கொண்டாந்து எங்க கொட்டறாங்க, எல்லாம் பாத்துக்குவேன். ஒரு தெருன்னா அப்படி ஒருத்தன் வேணுமில்லீங்களா?

போன தை மாசம் பக்கத்து ஊட்டுக்கு ஒரு அம்மா குடி வந்தாங்க. வசந்தாமணின்னு பேரு. டெலிபோன் ஆபீசுல வேலை பாத்து ரிட்டயர் ஆனவங்க. தனியாத்தான் இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கல. ஏன் பண்ணிக்கலைன்னு நான் கேக்கலீங்க, எங்கூட்டுக்காரம்மா கேட்டா. "நேரம் கெடைக்கலீங்க அக்கா"ன்னாங்களாம். அன்னைக்கிருந்து ரெண்டு பேரும் கூட்டு.

ரெண்டு ஊடும் ஒட்டுனாப்பல இருக்கும். மொட்டமாடிக்கு மொட்டமாடி நடுவுல ஒரு முழம் சந்துதான். குடி வந்த மறு வாரமே பாக்கறேன், அந்தம்மா மாடியில ஒரு தடிக் குழாயை மூணு காலு மேல நிக்க வெச்சிருக்காங்க. டெலஸ்கோப்பு. சரி, ராத்திரியில நட்சத்திரம் பாப்பாங்களாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். ராத்திரி அந்தம்மா எட்டு மணிக்கே லைட்டை அணைச்சுட்டுத் தூங்கிப்போறாங்க. காத்தால, பொழுது தென்னைமரத்துக்கு மேல வந்ததும் தலையில துண்டைக் கட்டிட்டு மாடிக்கு வந்துடறாங்க. குனிஞ்சு குனிஞ்சு பாக்கறாங்க. தினமும்.

நீங்களே சொல்லுங்க தம்பி, பட்டப்பகல்ல டெலஸ்கோப்பு வெச்சு என்னத்தைப் பாக்கறது? எங்க மாடியைத்தான் பாக்கறாங்கன்னு முடிவு பண்ணிட்டேன். எங்க மாடியில வடகம் காயும். தண்ணித் தொட்டி இருக்குது. நான் பனியனோட நடப்பேன். இதெல்லாம் அடுத்தவங்க பாக்கற சமாச்சாரமுங்களா? எனக்கு இந்த அடுத்த ஊட்டை நோட்டம் உடற பழக்கமே ஆகாதுங்க.

எங்கூட்டுக்காரம்மாகிட்டச் சொன்னேன். ராமாத்தான்னு பேருங்க அவளுக்கு. வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கிட்டே சொல்றா, "உங்களைப் பாக்கறதுக்கு டெலஸ்கோப்பு எதுக்குங்க? உங்க தொந்தி பஸ் ஸ்டாண்டுல இருந்தே தெரியுமே." இப்படித்தானுங்க. ஒரு விசயத்தை விசயமாப் பேச மாட்டா.

நேரா அந்தம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். மாடிக்கே போயிட்டேன்.

"ஏனுங்க, என்னத்தைப் பாக்கறீங்க?"

"பொழுதுங்கண்ணா."

"பொழுது பாக்கறதுக்குக் கடியாரம் போதுமே?"

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. "அந்தப் பொழுது இல்லீங்க. இந்தப் பொழுது"ன்னு மேல கையைக் காட்டறாங்க.

எனக்கு ஒரு நிமிசம் இந்தம்மாவுக்குப் புத்தி சரியில்லையோன்னு தோணுச்சு. "கண்ணு போயிருமுங்களே?"ன்னேன்.

"போயிருமுங்க. சும்மா பாத்தாப் போயிரும். அதுக்குத்தான் இத்தனை ஏற்பாடு. வந்ததே வந்தீங்க, பாத்துட்டுப் போங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் கிட்ட வரக்கூடாது."

அப்படின்னுட்டு ஆரம்பிச்சாங்க பாருங்க. எங்க ஊருக் கோயில்ல சாமிக்கு அலங்காரம் பண்ற பூசாரி கூட அத்தனை நேரம் எடுத்துக்க மாட்டாரு. குழாயோட வாய்க்கு ஒரு மூடி வெச்சிருக்காங்க. மூடி நடுவுல வெள்ளி நெறத்துல ஒரு தாளு. முட்டாய் சுத்தியிருக்கற தாளு மாதிரிதான் இருக்கும், ஆனா பொழுது வெளிச்சத்தை முக்காலே மூணு வீசம் தடுத்துட்டு ஏதோ துளித்துளியாத்தான் உள்ள உடுமாம். அதுதான் பில்டரு. அதைக் கையில தூக்கி வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு, ஊசிமொனை ஓட்டை இருக்குதான்னு பாத்தாங்க. திருப்பிப் பாத்தாங்க. அப்பறம் குழாய் வாயில மாட்டுனாங்க. காத்துல கழண்டுக்கக் கூடாதுன்னு சுத்தியும் டேப்பு ஒட்டுனாங்க. டேப்பு ஒட்டறது நல்ல யோசனைன்னு நான்தான் சொன்னேன், அவங்க ஒட்டி முடிச்சப்பறம்.

பெரிய குழாய் மேல குறி பாக்கறதுக்குன்னு ஒரு சின்னக் குழாய் இருக்குமுங்க. அதைக் கழட்டி ஊட்டுக்குள்ளயே வெச்சுட்டு வந்திருக்காங்க. "இதைத்தாங்கண்ணா எல்லாரும் மறந்துடறாங்க. பெரிய குழாய்க்கு மூடி போட்டுட்டு, சின்னக் குழாய்ல கண்ணை வெச்சுருவாங்க." அப்பறம் எப்படிக் குறி பாக்கறதுன்னு கேட்டேன். மேல பாக்கவே இல்லீங்க அந்தம்மா. கீழ தரையைப் பாத்தாங்க. குழாயோட நெழல் தரையில நீளமாக் கெடக்குது. குழாயைத் திருப்பத் திருப்ப நெழல் சுருங்குது. சுருங்கிச் சுருங்கி வட்டமா ஆனதும், "இப்ப நேரா இருக்குது"ன்னாங்க. நாப்பது வருசம் மிசினோட பொழங்குனவன் நான். அந்த வித்தை எனக்குப் புடிச்சுப்போச்சுங்க. வெளிய காட்டிக்கல.

கண்ணை வெச்சேன். அந்தக் குழாய்ல மேல் நுனிகிட்டப் பக்கவாட்டுல ஓட்டை இருக்கும், அதுலதான் பாக்கோணும். பாத்தா, கன்னங்கரேர்னு இருட்டு, நடுவுல வெள்ளையா ஒரு தட்டு. சுடல, கூசல. ஓரத்துல கொஞ்சம் மங்கலா, உருண்டைன்னு தெரியற மாதிரி. அதுக்குக் குறுக்கால கடுகு வெடிச்சுச் செதறுன மாதிரி கருப்புக் கருப்பா இருந்துச்சு.

"கண்ணாடியில தூசிங்க. தொடைச்சுட்டுக் காட்டுங்க"ன்னேன்.

அந்தம்மா, நான் கண்ணு வெச்சிருந்த கண்ணாடித் துண்டை அப்படியே ஒரு சுத்து சுத்துனாங்க. தூசின்னா அதோடவே சுத்தோணுமில்லீங்க? சுத்தல. குழாயை லேசாத் தட்டுனாங்க. தட்டு ஆடுச்சு, புள்ளியும் அதோடவே ஆடுச்சு.

"அது பொழுது மேலயே இருக்கற புள்ளிங்கண்ணா. அந்தப் பெரிய புள்ளிக்குள்ள நம்ம பூமியைத் தூக்கிப் போட்டா காணாமப் போயிரும்."

நான் அன்னைக்கு நம்பல. மறுநா போயிப் பாத்தேன். புள்ளி நகந்திருந்துச்சு. அடுத்த நாளும் போனேன், இன்னும் நகந்திருந்துச்சு. பொழுது பம்பரமாட்டம் சுத்துதாமுங்க. அப்பறம் தினமும் போக வேண்டியதாப் போச்சு. நான் ஆசைப்பட்டுப் போகலீங்க. ஆரம்பிச்ச கணக்கைப் பாதியில உடக்கூடாதில்ல?

டீக்கடையில சொல்லுவேன், "இன்னைக்கு நம்ம பொழுதுல ஒரு புதுப் புள்ளி வந்திருக்குது"ன்னு. அங்க ஒருத்தன், "ஏனுங்கண்ணா, பொழுதுல தண்ணி இருக்குதுங்களா? எத்தனை எச்.பி. மோட்டாரு போடலாம்?"ங்கறான். விவரம் கெட்ட பசங்க.

இதுக்கப்பறந்தான் தம்பி வெவகாரமே. கொஞ்சம் கேளுங்க.

அங்க போனா நான் ஒறம்பரைங்க, விருந்தாளி மாதிரி. அந்தம்மா "வாங்க"ன்னா வரோணும், "நில்லுங்க"ன்னா நிக்கோணும். நம்ம மாடியில அடிக்கற பொழுதை நம்ம மாடியிலயே பாத்தா என்ன? அப்பத்தான் தாராபுரத்துல இருக்கற எங்க சம்பந்தி சொன்னாரு, அவரு பையன் சின்ன வயசுல ஆசைப்பட்டு வாங்குன டெலஸ்கோப்பு ஒண்ணு பரண் மேல கெடக்குது, எடுத்துக்கங்க மச்சான்னு. போயித் தூக்கிட்டு வந்தேன். அந்தம்மாவோடது தடி. நம்மளுது ஒல்லியா, நீளமா, எடுப்பா இருந்துச்சு. பொட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நெனைக்கறீங்க? பொழுது பாக்கறதுக்குன்னே ஒரு கண்ணாடி. கரும்பச்சை நெறம், நல்ல தடிமன், சுத்தியும் இரும்பு வளையம். கண்ணு வெக்கிற பக்கம் திருகி மாட்டிக்கலாம். அது மேல இங்கிலீசுல "சன்"ன்னு எழுதியே இருக்குதுங்க. எழுதியே இருக்குது! அந்தம்மா வெச்சிருக்கறது தாளு. நம்மகிட்ட இருக்கறது கண்ணாடி. எது உசத்தி, நீங்களே சொல்லுங்க.

அந்தம்மாகிட்ட மூச்சு உடல. ஒரேடியாக் காட்டி அசத்திப்புடலாம்னு இருந்தேன்.

வைகாசி மாசம், ஒரு ஞாயித்துக்கெழமை. சம்பந்தியை வரச் சொன்னேன், தெருவுல நாலு பேரைக் கூப்பிட்டேன். ராமாத்தா கேசரி கிண்டுனா. மாடியில டெலஸ்கோப்பை நிறுத்தி, கீழ தரையைப் பாத்து, நெழலை வட்டமாக்கி, எல்லாம் முறைப்படிதான் பண்ணேன். மேல இருந்த குறிக்குழாயைக் கூட மறக்காமக் கழட்டி வெச்சேன். நாலு வார்த்தை பேசுனேன். பொழுதுங்கறது ஒரு பெரிய மிசினுன்னு ஆரம்பிச்சு, நல்லாத்தான் போச்சு, சம்பந்தி நடுவுல கொட்டாவி உட்டாரு, அது வேற. அப்பறம் ராமாத்தாவைக் கூப்பிட்டேன்.

"நீங்களே மொதல்ல பாருங்க"ன்னா.

"நீதான் பாக்கோணும்"னேன். நாலு பேரு முன்னால பொண்டாட்டிக்கு ஒரு மரியாதை குடுக்கலாம்னுதானுங்க.

"தங்கச்சி பாக்கட்டும் மச்சான்"னாரு சம்பந்தியும்.

அவ முந்தானையில மூஞ்சியைத் தொடைச்சுட்டு வந்தா. அந்த நேரம் பாத்து பக்கத்து மாடிக்கு வசந்தாமணியம்மா துணி காயப்போட வந்தாங்க.

"அண்ணா, பில்டரு எங்கீங்க?"

"இருக்குது இருக்குது, உள்ள இருக்குது."

"முன்னால ஒண்ணும் இல்லீங்களே!"

"சித்த இருங்க. உங்களுக்கும் காட்டறேன்"னு கையைக் காட்டுனேன். ராமாத்தா ஒரு கண்ணை மூடிட்டுக் குனிஞ்சா.

அப்பப் பாத்தேனுங்க. அந்தம்மா கையில இருந்த ஈரத்துணியை அப்படியே போட்டாங்க. கைப்புடிச் செவுரு மேல காலை வெச்சாங்க. நடுவுல இருந்த சந்தைத் தாண்டி எங்க மாடியில குதிச்சுட்டாங்க! அறுவதைத் தாண்டுன பொம்பளைங்க. சீலை கட்டிட்டு. நேரா எங்க வடகத்து மேல. எந்திரிச்சாங்களா, ஊந்தாங்களான்னு தெரியல, ஒரு கையில ராமாத்தா தோளைப் புடிச்சுத் தள்ளுனாங்க, இன்னொரு கையில டெலஸ்கோப்பை ஒரே தட்டு. ராமாத்தா ஒரு பக்கம் உக்காந்துட்டா. டெலஸ்கோப்பு மூணு காலையும் மேல தூக்கிட்டுக் கெடக்குது. சம்பந்தி கையில கேசரித் தட்டு.

"ஏனுங்க, உங்களுக்குப் பொறாமையா?"ன்னு நான் நாகரிகமாத்தானுங்க கேட்டேன். கொஞ்சம் சத்தமாக் கேட்டேன்னு அப்பறம் சொன்னாங்க.

அந்தம்மா எம் பக்கம் திரும்பவே இல்லை. ராமாத்தா மூஞ்சியை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டாங்க. "அக்கா, வெச்சுட்டீங்களா? கண்ணை வெச்சுட்டீங்களா?"

"இல்லீங்க, குனிஞ்சேன், அதுக்குள்ளதான் நீங்க..."

"மூடித் தொறங்க. என்னைப் பாருங்க. நான் தெரியறனா? நடுவுல கருப்பா ஏதாச்சும் தெரியுதா?"

"நல்லாத் தெரியறீங்க"ன்னா ராமாத்தா. "அம்மிணி, உங்க காலு என்ன இப்படி வீங்குது?"

கணுக்கால் பந்து மாதிரி ஆயிருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு எல்லாரும் சொல்றாங்க. அந்தம்மா அசையல. "அண்ணா, கோவப்படாம அதை நிமித்தி வெய்யுங்க. அந்தக் கண்ணாடியோடவே, பொழுதுக்கு நேரா வெய்யுங்க. யாரும் கிட்டப் போகாதீங்க. நான் பாக்காம வர மாட்டேன்."

நான் மாட்டேன்னுதான் இருந்தேன். சம்பந்தி, "வெய்யுங்க மச்சான்"னாரு. வெச்சேன். எல்லாரும் தள்ளி நின்னோம். ஒண்ணும் ஆகல. "பாத்தீங்களா?"ன்னு நான் வாயைத் தொறக்கறேன், "டப்"புன்னு ஒரு சத்தம். கண்ணாடி ரெண்டா விட்டிருச்சு.

அந்தம்மா துணி காயப்போடற கொடிக்கம்பு நுனியில ஒரு காஞ்ச வாழைச்சருகைக் கட்டச் சொன்னாங்க. அதைத் தள்ளி நின்னுக்கிட்டே, கண்ணு வெக்கிற எடத்துக்கு நேரா சம்பந்தி நீட்டுனாரு. நீட்டுன ஒடனே பொகைஞ்சுச்சுங்க. நீலமா, நூலு மாதிரி பொகை. இழுத்துப் பாத்தா சருகு நடுவுல ஒரு ஓட்டை.

கண்ணுமணி அளவுக்கு.

ராமாத்தா கிட்ட வந்தா. அந்தச் சருகை வாங்குனா. ஓட்டைக்குள்ள சுண்டுவெரலை உட்டுப் பாத்தா. என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தம்மா கைய எடுத்து அவ தோள் மேல போட்டுக்கிட்டு, படியெறங்க ஆரம்பிச்சுட்டா.

இப்பச் சொல்லுங்க தம்பி. நாயம் எது? அடுத்தவங்க ஊட்டுக்குள்ள செவுரேறிக் குதிக்கறது நாயமா? சம்பந்தி குடுத்த பொருளை அவரு கண்ணு முன்னாலயே தட்டி உடறது நாயமா? பொறுமையா எடுத்துச் சொல்லியிருக்கலாமில்லீங்க? "அண்ணா, பில்டருங்கறது குழாயோட முன்வாயிலதான் போடோணும். பின்னால போட்டா, மொத்தச் சூடும் கண்ணாடி மேலயே எறங்கும், கண்ணாடி வெடிக்கும், வெடிச்சா அத்தனை வெளிச்சமும் கண்ணுக்குள்ள போகும், அங்க வலி கூடத் தெரியாது, தெரியறப்பக் கண்ணு போயிருக்கும்." இப்படிப் பதமாச் சொல்லியிருந்தா நான் கேக்க மாட்டனா? அந்தக் கண்ணாடியும் பழசுங்க. புதுசா இருந்திருந்தா வெடிச்சிருக்காது.

என்னுங்க? அத்தனையும் சொல்றதுக்கு எங்க நேரங்கறீங்களா? அது சரி. நீங்களும் எங்கூட்டுக்காரம்மா கட்சிதான்.

அந்தம்மாவுக்குக் கணுக்கால்ல எலும்பு விட்டிருச்சு. மாவுக்கட்டு. ராமாத்தா மூணு வேளையும் சோறு எடுத்துட்டுப் போறா, தலை பின்னி உடறா, அங்கயே உக்காந்து பேசிட்டு இருக்கா. எங்கூட்டுல எனக்குச் சோறு வந்துச்சு, பேச்சு வரல. எனக்கும் அப்பக் கொஞ்ச நாள் தூக்கம் சரியில்லாமப் போச்சுங்க. வைகாசி வெக்கை.

ஒரு நா காத்தால ராமாத்தா சொன்னா, "அந்தப் புள்ளை மாடிக்குப் போக முடியாம மேலயே பாத்துட்டு உக்காந்திருக்குது. டெலஸ்கோப்பை எடுத்து வெச்சுக் குடுத்தா என்ன?"

போனேன். அந்தம்மாவைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து மாடியில சேர் போட்டு உக்கார வெச்சு, காலை ஸ்டூல் மேல வெச்சோம். அவங்க சொல்லச் சொல்ல நான் செய்யறேன். பில்டரை வெளிச்சத்துல பாரு, ஓட்டை பாரு, மாட்டு, டேப்பு ஒட்டு, ஆட்டிப் பாரு. நான் தப்பாப் பண்ணா வாயில சொல்ல மாட்டாங்க. தொண்டையைச் செருமுவாங்க. எங்கப்பன் கூட என்னை அப்படி அடக்குனதில்லீங்க. அப்பவும் அந்த ஞாயித்துக்கெழமையைப் பத்தி நாங்க ரெண்டு பேருமே ஒரு வார்த்தை பேசல. என்ன பேசறது? அவங்க பக்கம் தப்புன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

ஆடி வந்துச்சு. எங்க ஊருல ஆடிக்காத்துன்னா சாதாரணக் காத்தில்லீங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து ஆளையே தள்ளும். சுத்தியும் காத்தாடி மரமா நட்டு வெச்சு கரண்டு எடுக்கறாங்கன்னாப் பாத்துக்கங்க. நான் டேப்பு மேல டேப்பா ஒட்டுனேன். அதுக்கு மேல கயிறு கட்டுனேன். "அண்ணா, அது பொழுது பாக்கறதுக்கு. பார்சல் அனுப்பறதுக்கு இல்லீங்க"ன்னு அந்தம்மா சொல்றாங்க. சொல்லட்டும். தெருப் பொம்பளைங்க பாக்க வந்தா, நான் ஒரு கையைக் குழாய் வாய்கிட்ட வெச்சுட்டே நிப்பேன். ஒவ்வொருத்தரு பாத்ததுக்கப்பறமும் மறுபடி சோதிப்பேன். சலிச்சுப்போயிப் பாதிப் பேரு எறங்கிப் போயிட்டாங்க. போகட்டுமே.

ராமாத்தா மட்டும் பாக்கல. மாடிக்கு வருவா, அந்தம்மாவுக்குக் காப்பி குடுப்பா, அங்கிட்டே நின்னுட்டுப் போயிருவா. நான் கூப்பிடல.

ஒரு நா அவளாவே கேட்டா. "ஊரெல்லாம் பாக்குது. எனக்குக் காட்ட மாட்டீங்களா?"

"காத்து எச்சா இருக்குது. நாளைக்குப் பாக்கலாம்."

மறுநாளும் கேட்டா. "மேகமா இருக்குது"ன்னேன்.

"ஒரு மேகம் கூட இல்லீங்களே அண்ணா"ங்கறாங்க அந்தம்மா. அவங்களை யாரு கேட்டா?

அடுத்த நாள் ராமாத்தா காப்பி டம்ளரைக் கீழ வெச்சா. நேரா வந்து டெலஸ்கோப்பு பக்கத்துல நின்னுட்டா. கையைக் கட்டிட்டு நிக்கறா. நான் என்ன பண்றது? பில்டரைக் கழட்டி வெளிச்சத்துல புடிச்சேன். ஓட்டை இல்ல. திருப்பிப் பாத்தேன். இல்ல. மாட்டிட்டு, மறுபடி கழட்டிப் பாத்தேன். பாத்தது மறந்துபோயி இன்னொருக்காவும் பாத்துட்டுத்தான் மாட்டி டேப்பு ஒட்டுனேனுங்க. வயசாச்சில்ல.

"சாயங்காலத்துக்குள்ள காட்டிருவீங்களா?"ங்கறா.

மொதல்ல நானே கண்ணை வெச்சேன். ரெண்டு கண்ணுலயும் மாத்தி மாத்தி வெச்சு, நல்லா நின்னு பாத்தேன். புது மோட்டாருன்னா கடைக்காரன்தானுங்க மொதல்ல ஓட்டிப் பாக்கோணும். என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. அந்தம்மாவைத் திரும்பிப் பாத்தேன். தொண்டையைச் செருமல. தலையை மட்டும் ஆட்டுனாங்க.

"சரி, பாரு"ன்னேன்.

ராமாத்தா குனிஞ்சா. ஒரு கண்ணை மூடுனா, இன்னொரு கண்ணை ஓட்டையில வெச்சா. ஒண்ணும் பேசல. தெரியுதான்னு கேக்கறேன், பேசல. அவ எப்பவுமே பேசறவ தம்பி. வாய் ஓயாது அவளுக்கு. இப்பப் பேச்சே இல்லை. ஓரமாக் குனிஞ்சு அவ கண்ணைப் பாத்தேன். இமை மயிரு ஆடுது. கண்ணுமணி மேல வெள்ளையா, கடுகளவுக்கு ஒரு வெளிச்சம். எத்தனை வருசமா அந்தக் கண்ணு என்னை மொறைச்சிருக்குது, நான் ஒரு நா கூட இத்தனை கிட்டத்துல பாத்ததில்லீங்க. இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன். நல்லாத் தெரியோணுமில்ல?

"ஐயோ, பொழுதைக் காணோம்!"னு கத்துனா.

எனக்கு உசுரே போச்சு. "ராமாத்தா, கண்ணு தெரியுதா? நான் தெரியறனா? கண்ணைத் தொற, என்னைப் பாரு"ன்னு அவ மூஞ்சியைப் புடிச்சுட்டு நானும் கத்தறேன். தெருவே கேட்டிருக்கும்.

வசந்தாமணியம்மா சேர்ல உக்காந்துட்டு, மாவுக்கட்டுக் காலை ஒரு கையில புடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வரச் சிரிக்கறாங்க.

"அண்ணா, ஒண்ணும் ஆகலீங்க. உங்க தலைதான் குழாய் வாயை மறைக்குது. சித்த அக்கட்டால எடுங்க."

எடுத்தேனுங்க.

ராமாத்தா மறுபடி கண்ணை வெச்சா. "வந்துருச்சு"ன்னா.